கூளத்துக்கு நல்ல பாக்டீரியா: தெளிப்பதா, தீவனத்தில் கலப்பதா, இரண்டுமே வீண் செலவா?

#1 புதுக்கொட்டகை

அனைவருக்கும் வணக்கம். 1000 கறிக்கோழிகள் வளர்க்கும் சிறிய கொட்டகை ஒன்றை நடத்தி வருகிறேன். இப்போது வளர்வது மூன்றாவது தொகுதி. முதல் இரண்டு வாரங்களில் எந்தக் குறையும் தெரிவதில்லை. மூன்றாம் வாரம் பிறந்ததும் கோழிகள் கொத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வரிசைகளுக்கு அடியில், தரையில் பரப்பிய கூளம் பலகைபோல இறுகிவிடுகிறது; காலையில் பக்கத் திரையை விலக்கும்போது கண் எரிகிறது. முந்தைய தொகுதியிலும் இதே நிலைதான். கூளம் மரச்சீவலும் உமியும் கலந்தது, ஏறத்தாழ 5 செ.மீ. கனம். வாரம் இரண்டு முறை கிளறிவிட்டு, ஒவ்வொரு முறையும் சுண்ணாம்புத் தூள் தூவுகிறேன்.

நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அடங்கிய தூள் ஒன்றை விற்பவர், அதைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் நாற்றம் போய்விடும், கோழிகளுக்கு நோய் வராது, கூளத்தை இரண்டு மூன்று தொகுதிகளுக்கு மாற்றவே வேண்டாம் என்கிறார். இவற்றில் எது உண்மை, எது விற்பனைப் பேச்சு என்று பிரித்தறியும் அனுபவம் எனக்கு இல்லை. பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையகூளம்

வணக்கம் ஐயா. தூளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கொட்டகையின் நடுவிலிருந்து ஒரு பிடி, சுவரோரத்திலிருந்து ஒரு பிடி, நிப்பிளுக்கு அடியிலிருந்து ஒரு பிடி என மூன்று இடங்களில் கூளத்தை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். கையை விரித்த உடனே பொலபொலவென்று முழுவதும் உதிர்ந்து தூசு பறந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது. லேசாகச் சேர்ந்து நின்று, விரலால் தொட்டதும் உடைந்தால் 20 முதல் 30 விழுக்காட்டு ஈரம். நமக்கு வேண்டியது அதுதான். உருண்டையாகவே நின்றால் கூளம் கெட்டுவிட்டது என்று பொருள்.

கண் எரிகிறது என்கிறீர்கள். நம் மூக்கு ஒரு மணி நேரத்தில் அந்த வாடைக்குப் பழகிவிடும். பண்ணைக்காரரின் மூக்கு நம்பத்தகாத கருவி. அம்மோனியா 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. கண் எரியும் அளவுக்கு இருந்தால் நீங்கள் அந்த வரம்பை எப்போதோ கடந்துவிட்டீர்கள். நீங்கள் நின்றுகொண்டு முகர்வதை, கோழி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரவும் பகலும் சுவாசிக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

#3 நுண்ணோக்கி

நான் பண்ணையாளன் அல்லன். ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளோடு வேலை செய்பவன். ஆகவே தூளுக்குள் இருப்பது என்ன, கூளத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அம்மோனியா எச்சத்திலிருந்து நேராகக் கிளம்புவதில்லை. கோழி தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது அதுதான். கூளத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாக உடைத்து யூரியாவாக்கி, யூரியேஸ் என்னும் நொதியால் யூரியாவை அம்மோனியாவாக்குகின்றன. அதாவது, நாற்றத்தை உண்டாக்குவதும் பாக்டீரியாதான். நாம் பேசிக்கொண்டிருப்பது பாக்டீரியா இல்லாத இடத்தில் பாக்டீரியாவைக் கொண்டுவந்து சேர்ப்பது பற்றி அன்று. ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் ஊரில் புதிதாகச் சிலரைக் குடியேற்றுவது பற்றி.

அந்த நெரிசல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயன்பாட்டில் உள்ள கூளத்தின் ஒரு கிராமில் 100 கோடி பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. கிராமுக்கு 100 கோடி வித்துகள் (பாக்டீரியாவின் உறங்குநிலை வடிவம்) கொண்ட தூளில் 100 கிராம் வாங்கித் தெளிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 கோடி வித்துகள். கேட்க மலைப்பாக இருக்கும். உங்கள் கொட்டகையில் எச்சமும் கூளமுமாக ஒரு டன் இருந்தால், அது 10 லட்சம் கிராம். வகுத்துப் பார்த்தால் கிராமுக்கு 1 லட்சம் வித்துகள்தான் விழுகின்றன. ஏற்கெனவே இருப்பவை 10,000 என்றால் புதிதாக வந்தது ஒன்று. இந்த ஒன்று, சூழல் தனக்குச் சாதகமாக இருந்தாலொழிய, மற்ற 10,000 பேரை விரட்டிவிட்டு ஊரைப் பிடிக்காது.

சூழலைத் தீர்மானிப்பவை ஈரமும் பிஎச் அளவும்தான் (அமிலமா காரமா என்று காட்டும் எண் பிஎச்; 7 என்றால் நடுநிலை). எச்சம் சேரச் சேரக் கூளம் காரத்தன்மை அடைந்து பிஎச் 8ஐத் தாண்டும். யூரிக் அமிலத்தை உடைக்கும் கூட்டத்துக்கு அது மிகவும் பிடித்த நிலை. அம்மோனியா கரைந்த உப்பாகக் கூளத்திலேயே தங்குமா, வாயுவாகப் பறக்குமா என்பதையும் பிஎச் தான் முடிவு செய்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7ஆக இருந்தால் 100இல் ஒரு பங்குகூட வாயு வடிவில் இருக்காது. 8ஆனால் ஏறத்தாழ 5 பங்கு. 9ஆனால் 36 பங்கு. ஓர் அலகு உயர்வுக்கு இத்தனை வேறுபாடு.

இதனால்தான் உங்கள் பதிவில் ஒரு சொல்லைப் பார்த்ததும் திடுக்கிட்டேன்: சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பின் பிஎச் 12ஐ ஒட்டியது. கோழிகள் உள்ளே இருக்கும்போது அதைத் தூவிக் கிளறுவது, கூளத்தில் அடங்கிக் கிடக்கும் அம்மோனியாவைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருவதற்கு ஒப்பாகும். அதன் மேல் பாக்டீரியாத் தூளையும் தெளித்தால், செலவழித்து வாங்கிய உயிர்களை நீங்களே கொல்கிறீர்கள்.

#4 பழையகூளம்

சுண்ணாம்பு விஷயத்தில் நுண்ணோக்கி ஐயாவோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பல ஆண்டுகளாகச் சுண்ணாம்பு தூவித்தான் வளர்க்கிறோம். கூளம் காய்கிறது, கட்டி உடைகிறது, புழு குறைகிறது. இவற்றைக் கண்ணால் பார்த்தே சொல்கிறேன். கேடு மட்டுமே செய்யும் பொருளை இத்தனை பேர் இத்தனை காலம் பயன்படுத்தியிருப்பார்களா?

#5 நுண்ணோக்கி

தாங்கள் கண்டதை மறுக்கவில்லை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், பல கிருமிகளைக் கொல்லும். தொகுதி வெளியேறிய பின் வெறும் தரையில் அடிப்பதற்கு அதைவிட எளிய பொருள் இல்லை. ஆனால் கோழிகள் நிற்கும்போது, எச்சம் கலந்த ஈரக் கூளத்தில் போடுவது வேறு. எச்சம் அதிகம் சேராத முதல் நாள்களில் சிறிதளவு தூவினால் பெரிய வேறுபாடு தெரியாமல் இருக்கலாம்; நான்காம் வாரத்தில் தெரியும். தூவிய அன்றும் மறுநாளும் அதிகாலையில், திரையைத் திறப்பதற்கு முன் கொட்டகைக்குள் சென்று பாருங்கள். திரை திறந்திருக்கும் பகல் நேரத்தில் காற்றே வாயுவை அடித்துக்கொண்டு போய்விடுவதால், பலர் சுண்ணாம்பைக் குற்றவாளியாக எண்ணுவதில்லை.

கோழிகள் இருக்கும்போது பிஎச் அளவைக் குறைக்க விரும்புபவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள்: படிகாரம் எனப்படும் அலுமினியம் சல்பேட், அல்லது சோடியம் பைசல்பேட். இவை அமிலத்தன்மை உள்ளவை. அம்மோனியாவை உப்பாகக் கட்டிப்போடுகின்றன. பெரும் பண்ணைகளில் குஞ்சு இறக்குவதற்கு முன் இவற்றைப் பரப்புவது வழக்கம். முதல் சில வாரங்களுக்கு மேல் இவற்றின் வலு நீடிப்பதில்லை. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள்.

#6 முட்டைக்கூடை

நான் வீட்டுக்குப் பின்புறம் 40 முட்டைக்கோழிகள் வளர்ப்பவள். என் கொட்டகையில் கூளம் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நாற்றம் இல்லை, கால் புண் இல்லை, ஒரு பொட்டலம் பாக்டீரியாவும் வாங்கியதில்லை. 15 செ.மீ. கனத்தில் தொடங்கி, மேலே மேலே காய்ந்த இலையும் மரச்சீவலும் போட்டுக்கொண்டே வந்ததில் இப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை இருக்கிறது. மாலையில் ஒரு கைப்பிடி தானியத்தை வீசிவிட்டால் கோழிகளே கிளறிவிடுகின்றன. ஆழ்கூளம் என்பதன் பொருளே அதுவே நல்ல பாக்டீரியாவை வளர்த்துக்கொள்ளும் என்பதுதானே? பிறகு எதற்காக வாங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

#7 நுண்ணோக்கி

அம்மா சொல்வது பழைய உண்மை. 1940களில் அமெரிக்காவின் ஒகையோ வேளாண் ஆய்வு நிலையத்தில் கூளத்தை அடிக்கடி மாற்றாமல் மேன்மேலும் சேர்த்துக்கொண்டே கோழி வளர்த்துப் பார்த்தார்கள். தீவனத்தில் விலங்குப் புரதம் குறைந்திருந்தபோதும் பழைய கூளத்தின் மேல் வாழ்ந்த கோழிகள் நன்றாகவே இருந்தன. அந்தக் காலத்தில் அதை 'விலங்குப் புரதக் காரணி' என்று மட்டுமே அறிந்திருந்தார்கள். 1948இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகே அந்த மர்மம் விலகியது. பி12ஐ உருவாக்கும் திறன் பாக்டீரியா போன்ற நுண்ணுயிரிகளுக்கே உண்டு. செடிக்கும் இல்லை, கோழிக்கும் இல்லை. கூளத்தில் வளர்ந்த பாக்டீரியாவின் உழைப்பைக் கோழிகள் கொத்தித் தின்றன.

ஆனால் அம்மாவின் கொட்டகையையும் புதுக்கொட்டகை அவர்களின் கொட்டகையையும் ஒன்றாக வைக்க முடியாது. எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி, கார்பன் குறைவு. மரச்சீவலிலும் காய்ந்த இலையிலும் நேர்மாறு. 40 கோழிகளின் எச்சத்துக்கு முழங்கால் ஆழக் கூளமும் தொடர்ந்து புதிய கார்பனும் கிடைத்தால், பாக்டீரியாக்கள் நைட்ரஜனைத் தம் உடலாகவே மாற்றிச் சேமித்துக்கொள்ளும். வாயுவாக வீணடிக்க வேண்டியதில்லை. 5 செ.மீ. கூளத்தின் மேல் சதுர அடிக்கு ஒரு கோழி வீதம் நிறுத்தி, ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏற்றும்போது அந்தக் கணக்கு எட்டாது.

#8 மருத்துவப்பை

கால்நடை மருத்துவர் என்ற முறையில், "கோழிகளுக்கு நோய் வராது" என்ற பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், அதைத்தான் எல்லோரும் விரைவாகக் கடந்துவிடுகிறோம்.

அம்மோனியா மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. தூசையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவைதாம். அவை ஓய்ந்தால், வெள்ளைக்கழிச்சல் போன்ற நச்சுயிரி நோய்கள் எளிதாக உள்ளே நுழையும். அவற்றைத் தொடர்ந்து இ.கோலை என்ற பாக்டீரியா காற்றுப்பைகளில் குடியேறும். ஈரக் கூளத்தில் நின்றுகொண்டே இருக்கும் கோழிக்குப் பாதத்தின் அடித்தோல் வெந்து கறுத்துப் புண்ணாகும். எனவே கூளத்தைச் சீராக வைத்தால் நோய் குறையும் என்பது உண்மை. அதைத் தூள்தான் சீராக்குகிறதா என்பது தனிக் கேள்வி.

இரத்தக்கழிச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். எய்மீரியா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு விழுந்து, ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாள்களிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அவற்றின் ஓடு பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கே அசையாதது. நன்மை செய்யும் பாக்டீரியா அதைத் துளைத்துக் கொல்லும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கூளம் காய்ந்திருந்தால் அந்த முட்டைகள் பக்குவப்படுவது குறையும். தடுப்பூசியோ தீவனத்தில் தடுப்பு மருந்தோ எஞ்சிய வேலையைச் செய்யும். பெரும்பாலும் இரத்தக்கழிச்சல் குடற்சுவரைக் கிழித்த பிறகே கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா பெருகிக் குடலழுகல் நோயை உண்டாக்குகிறது. இத்தகைய தூள்களில் வழக்கமாக இருக்கும் பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளில் சில இந்தக் கிளாஸ்ட்ரிடியத்தை எதிர்க்கும் பொருள்களைச் சுரப்பவை. தீவனத்தில் கலந்து கொடுப்பதற்கு வலுவான நியாயம் அங்குதான் இருக்கிறது.

குடலுக்குள் நல்ல பாக்டீரியாவைக் குடியேற்றுவது என்ற கருத்துக்கு ஒரு தெளிவான தொடக்கம் உண்டு. 1973இல் பின்லாந்தைச் சேர்ந்த நூர்மி, ரன்டாலா என்ற இருவர், வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடல் உள்ளடக்கத்தைப் பிறந்த குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி அவற்றில் காலூன்றுவது வெகுவாகக் குறைந்ததைக் காட்டினார்கள். குஞ்சுப்பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை; தாயின் எச்சத்தைக் கொத்தியே குடல் நிரம்ப வேண்டிய உயிர், கழுவிக் கிருமி நீக்கிய தட்டில் கண் விழிக்கிறது. வெறும் வீட்டில் முதலில் நுழைபவரே உரிமையாளர். அந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் யார் நுழைகிறார்கள் என்பதில் நாம் தலையிட முடியும். நான்காம் வாரத்தில் தலையிடுவது மிகக் கடினம். நுண்ணோக்கி ஐயா போட்ட 10,000க்கு ஒன்று என்ற கணக்கு முதல் நாள் குஞ்சின் குடலுக்குப் பொருந்தாது.

#9 நுண்ணோக்கி

மருத்துவர் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். தீவனம் ஒரு கிலோவுக்கு 100 கோடி வித்துகள் என்ற அளவில் கலந்தால், கோழி ஒன்று நாளுக்கு 100 கிராம் தின்னும்போது 10 கோடி வித்துகள் உள்ளே போகின்றன. 1000 கோழிகளுக்கு 10,000 கோடி. நீங்கள் ஒரு முறை தெளிக்க வாங்கும் முழுப் பொட்டலத்துக்குச் சமம், ஒவ்வொரு நாளும். அவற்றில் கணிசமான பகுதி எச்சத்தோடு வெளியே வந்து, எச்சம் விழும் இடத்திலேயே, அது புதிதாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குகிறது. கூளத்துக்குப் பாக்டீரியா கொடுக்கச் சிறந்த தெளிப்பான் கோழியேதான் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

பேசில்லஸ் வித்துகள் தீவனம் குருணையாக்கப்படும் வெப்பத்தைத் தாங்கும். தயிரில் இருக்கும் வகையான லாக்டோபேசில்லஸ் தாங்காது, அதைக் குடிநீரில்தான் கொடுக்க வேண்டும். குடிநீரில் குளோரின் இருந்தால் அதுவும் வீண். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கும் நாள்களிலும் அப்படியே. இதைப் பலர் ஒரே வாளியில் கலந்தே கொடுக்கிறார்கள் என்பது வேதனை.

#10 புதுக்கொட்டகை

அனைவருக்கும் மிக்க நன்றி. பழையகூளம் ஐயா சொன்னபடி பிடித்துப் பார்த்தேன். நடுவில் எடுத்தது தொட்டதும் உடைந்தது. சுவரோரத்தில் எடுத்தது சற்றே ஈரம். நிப்பிளுக்கு அடியில் எடுத்தது களிமண் உருண்டைபோல நின்றது. உடைத்தால் உள்ளே பளபளவென்று வழுக்கியது. ஆக, கொட்டகை முழுவதும் கெட்டுவிட்டது என்று நான் எண்ணியது தவறு. இரண்டு நீண்ட பட்டைகள்தாம் கெட்டிருந்தன, நாற்றம் அங்கிருந்தே வந்தது.

சுண்ணாம்பு தூவிய மறுநாள் அதிகாலையில் திரையைத் திறக்காமல் உள்ளே போனேன். நுண்ணோக்கி ஐயா, நீங்கள் சொன்னது சரி. நிற்க முடியவில்லை.

#11 பழையகூளம்

சுண்ணாம்பில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள்; நாளை என் கொட்டகையிலும் அதிகாலையில் போய்ப் பார்க்கிறேன்.

இப்போது நிப்பிளைக் கவனியுங்கள். கோழி கழுத்தை மேல்நோக்கி நீட்டி, கால் பாதம் முழுவதும் தரையில் பதிய நின்று குடிக்க வேண்டும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் குடித்தால் நிப்பிள் தாழ்வாக இருக்கிறது. பாதித் தண்ணீர் கூளத்தில் விழும். கோழி வளரும் வேகத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது உயர்த்த வேண்டும். நீரழுத்தம் மிகுந்தாலும் சொட்டும். இரவில், குழாய்க்குக் கீழே ஒரு காகிதத்தை விரித்து வையுங்கள். எந்த நிப்பிள் ஒழுகுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஒழுக்கே இல்லாவிட்டாலும் ஈரம் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். நான்காம் வாரத்தில் 1000 கறிக்கோழிகள் நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் குடிக்கும். தின்னும் தீவனத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எடை. அதில் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் கொட்டகைக்குள்ளேயே வெளிவருகிறது. அதை வெளியேற்றக் காற்று ஒன்றால்தான் முடியும். எந்தப் பாக்டீரியாவும் 200 லிட்டர் தண்ணீரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுபோகாது. குளிர் அதிகமென்று இரவில் எல்லாத் திரையையும் இழுத்து மூடிவிடுகிறீர்களா? மேற்புறத்தில் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். உள்ளே வரும் குளிர்க்காற்று கோழிகளின் மேல் நேராக விழாமல் மேலேயே கலந்து சூடேறட்டும். காற்று 10 அல்லது 11 டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் இரட்டிப்பாகும். அந்தக் காற்று வெளியேறும்போது ஈரமும் அதனோடு போகும்.

இறுகிய பட்டையைக் கிளறி மற்றக் கூளத்தோடு கலக்காதீர்கள். அப்படியே வெட்டி எடுத்து வெளியே கொட்டிவிட்டு, அந்த இடத்தில் புதிய சீவல் போடுங்கள்.

#12 குடுவை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் 'திறன்மிகு நுண்ணுயிர்' கரைசலைக் கரும்புப் பாகு சேர்த்து நானே பெருக்கித் தெளிக்கிறேன். தெளித்தவுடன் நாற்றம் குறைவது கண்கூடு. இதையும் தூளோடு சேர்த்து வீண் என்று தள்ளிவிடுவீர்களா?

#13 நுண்ணோக்கி

தள்ளவில்லை, பிரித்துப் பார்க்கிறேன். ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரவச் செய்த கலவை அது: லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. பாகு சேர்த்துக் காற்றுப்புகாமல் ஒரு வாரம் புளிக்க வைத்தால் பிஎச் 4க்குக் கீழே இறங்கிவிடும். அதாவது, நீங்கள் தெளிப்பது பாக்டீரியா மட்டும் அன்று, ஓர் அமிலத்தையும் சேர்த்துத்தான். தெளித்தவுடன் வாடை அடங்குவதில் அந்த அமிலத்துக்கும் இனிய புளிப்பு மணத்துக்கும் பெரும்பங்கு இருக்கும்; பாக்டீரியா ஐந்து நிமிடத்தில் வேலை செய்து முடிப்பதில்லை. காய்ந்த, காரமான கூளத்தில் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு வாழ்க்கை கடினம் என்பதால் அடிக்கடி தெளிக்க வேண்டியிருக்கும். அடிக்கடி தெளித்தால் ஈரம் சேரும். பனிபோல மெல்லிய தூறலாக, காற்றோட்டம் நன்றாக இருக்கும் பகலில் தெளிப்பதானால் தொடருங்கள். பூவாளியால் ஊற்றுவதானால் நிறுத்திவிடுங்கள்.

#14 புதுக்கொட்டகை

நிப்பிள்களை உயர்த்தினேன், ஒழுகிய ஏழு நிப்பிள்களை மாற்றினேன், இரவில் மேல் இடைவெளி விடுகிறேன், சுண்ணாம்பை நிறுத்திவிட்டேன். பத்து நாளில் கண் எரிச்சல் இல்லை. இன்னும் தூளை வாங்கவே இல்லை! ஆனாலும் அடுத்த தொகுதியில் முறையாகச் சோதித்துப் பார்க்க ஆசை. எப்படிச் செய்வது, எந்தத் தூளை வாங்குவது?

#15 நுண்ணோக்கி

முதலில் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். 'நன்மை செய்யும் நுண்ணுயிரிகள்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்பதுபோல இனப்பெயரும், அதோடு அந்த இனத்தின் எந்த உட்பிரிவு என்பதைக் காட்டும் குறியீட்டு எண்ணும், கிராமுக்கு எத்தனை உயிர் என்ற எண்ணிக்கையும், அது காலாவதி நாள் வரை உறுதியா என்பதும் இருக்க வேண்டும். பேசில்லஸ் என்ற பெயர் மட்டும் போதாது: முன்பு பேசில்லஸ் பாஸ்டியூரி என்று அழைக்கப்பட்ட பாக்டீரியா, யூரியாவை அம்மோனியாவாக்குவதில் ஈடு இணையற்றது. அதைக் கூளத்துக்கென்று யாரும் விற்கமாட்டார்கள் என்றாலும், ஒரே குடும்பத்தில் எல்லோரும் நல்லவர்கள் அல்லர் என்பதற்காகச் சொன்னேன்.

சோதனைக்குக் கொட்டகையை நடுவில் மறித்து இரு பாதியாக்குங்கள். இரண்டிலும் ஒரே கூளம், ஒரே கனம், ஒரே எண்ணிக்கைக் கோழி. ஒரு பாதியில் கோழி இறக்குவதற்கு முன் புதிய கூளத்தின் மேலும், பிறகு வாரம் ஒரு முறையும் தூளைத் தெளியுங்கள். மறு பாதியில் அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். வெறும் தண்ணீரைத் தெளிக்க மறந்தால் சோதனையே கெட்டது. தீவனம் இரு பாதிக்கும் பொதுவாக இருக்கட்டும். வாரந்தோறும் ஒவ்வொரு பாதியிலும் ஐந்து இடங்களில் கூளம் எடுத்துக் கலந்து, அதில் 10 கிராமை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து அரை மணி கழித்துப் பிஎச் தாள் தோய்த்துப் பாருங்கள். அம்மோனியா அளவை நிறத்தால் காட்டும் தாளைக் கோழியின் தலை உயரத்தில் அதிகாலையில் பிடியுங்கள். கடைசி வாரத்தில் பாதிக்கு 50 கோழி பிடித்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லாத அளவுகோல் அதுதான்.

#16 பழையகூளம்

ஒரே வாயுவெளியைப் பகிரும் இரு பாதிகளில் அம்மோனியாவை அளந்து என்ன பயன்? இந்தப் பாதியின் வாயு அந்தப் பாதிக்குப் போகும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கக் கூளம் எப்படியும் காய்ந்துதான் இருக்கும்.

#17 நுண்ணோக்கி

மறுக்க முடியாத குறை. அம்மோனியா அளவை விட்டுவிடுங்கள். கூளத்தின் பிஎச், ஈரம், பாதம் ஆகிய மூன்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தொகுதியில் பாதிகளை மாற்றித் தெளியுங்கள். காற்றடிக்கும் பக்கம்தான் காரணம் என்றால் முடிவு பக்கத்தோடு நிற்கும். தூள்தான் காரணம் என்றால் முடிவு தூளோடு நகரும்.

#18 புதுக்கொட்டகை

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன். இரண்டு தொகுதிகள் முடிந்தன. முதல் முறை தூள் தெளித்த பாதியில் கூளம் சற்று உதிரியாக இருந்தது, பாதப்புண்ணும் குறைவு. மகிழ்ச்சியோடு பாதிகளை மாற்றினேன். இரண்டாம் முறை நல்ல கூளம் தூளோடு நகரவில்லை; முந்தைய பாதியிலேயே நின்றது. அது காற்று வரும் பக்கம். பிஎச் இரண்டு பாதியிலும் தாளில் ஒரே நிறம். இரண்டு தொகுதிகளிலும் இறப்பு, நான் இங்கே முதலில் எழுதிய தொகுதியைவிடக் குறைவு. ஆனால் அது இரு பாதிக்கும் பொதுவாகக் குறைந்தது.

மருத்துவர் சொன்ன, முதல் நாள்களிலேயே குடலில் குடியேற்றும் வழியை நான் இன்னும் சோதிக்கவில்லை. அடுத்த தொகுதிக்குக் குஞ்சு இறங்கிய நாளிலிருந்து தீவனத்தில் பேசில்லஸ் கலக்கலாம் என்றிருக்கிறேன். இன்னொன்று: இந்தக் கூளத்தை அடுத்த தொகுதிக்கும் பயன்படுத்தலாமா?

#19 மருத்துவப்பை

இரத்தக்கழிச்சலோ வேறு தொற்றோ வராத தொகுதியாக இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். வந்திருந்தால் முழுவதையும் அகற்றிவிடுங்கள். நல்ல தொகுதியின் பழைய கூளம் குஞ்சுகளுக்கு வளர்ந்த கோழிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுக்கும் என்பதும் உண்மை; நூர்மி கையால் கொடுத்ததைக் கூளம் தானாகவே கொடுக்கிறது. தீமையும் அதே வழியாகத்தான் வரும் என்பதால்தான் இத்தனை நிபந்தனை.

#20 பழையகூளம்

இறுகிய துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைக் கொட்டகைக்குள்ளேயே இடுப்பளவு உயரத்துக்கு நீண்ட குவியலாகக் குவியுங்கள். மறுநாளே உள்ளே சூடு ஏறும். நீண்ட தண்டுள்ள வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்; 55 டிகிரியைத் தொட்டு மூன்று நாள் நிற்க வேண்டும். பிறகு புரட்டி, வெளிப்புறம் இருந்தது உள்ளே போகுமாறு மீண்டும் குவித்து, இன்னொரு முறை சூடேற விடுங்கள். சூடே ஏறாவிட்டால் மிகவும் காய்ந்திருக்கிறது என்று பொருள்; லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம், கூளத்தில் நாம் விரும்பித் தண்ணீர் சேர்க்கும் இடம் இது ஒன்றுதான்.

பரப்பும்போது அம்மோனியா குப்பென்று கிளம்பும். எல்லாத் திரைகளையும் திறந்துவிட்டு, நான்கு நாளாவது ஆறவிட்டு, குஞ்சு நிற்கும் அடைப்பில் மட்டும் மேலே 5 செ.மீ. புதிய சீவல் போட்ட பிறகு இறக்குங்கள். இறக்குவதற்கு முந்தைய நாள் அதிகாலையில் திரையை மூடிவைத்துவிட்டு உள்ளே போய், குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தாளைப் பிடித்துப் பாருங்கள். நான் சுண்ணாம்பைத் தூக்கி வைத்ததும் அப்படிக் குனிந்து பார்த்த பிறகுதான்.